பக்கத்தில் ஒருவர் வேண்டும்

(கிட்டார் மாணவர்களின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தாளம். கிட்டார் வாசிக்கிறவருக்குத் தாளம் எப்படிக் கைவருகிறது என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உங்கள் விரல் எவ்வளவு வேகமாக ஓடும் என்று நான் கேட்கப்போவதில்லை. எத்தனை கார்டு தெரியும், எத்தனை ஸ்கேல் தெரியும் என்றும் கேட்கப்போவதில்லை. ஒரு பாட்டைத் தொடங்கிய வேகத்திலேயே கடைசிவரை கொண்டுபோய் நிறுத்த உங்களால் முடிகிறதா? பக்கத்தில் பாடுகிறவர் உங்களை நம்பி மூச்சு எடுக்க முடிகிறதா? இந்த இரண்டு கேள்விகள் போதும். என்னிடம் இருக்கும் விடையையும் ஒளித்துவைக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். பூட்டிய அறைக்குள் தாளம் பாதிதான் வரும். மீதிப் பாதி இன்னொருவரோடு உட்கார்ந்து வாசித்தால்தான் வரும். அந்த மீதிப் பாதிதான் இசை.

தனியாக வாசிக்கும் ஒரு பிள்ளையைக் கவனித்திருக்கிறீர்களா? ஜி கார்டு வருகிறது, அழகாக வருகிறது. சி கார்டு வருகிறது, அதுவும் சரி. அடுத்து எஃப். ஆள்காட்டி விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்த வேண்டும். கை தயங்குகிறது. விரல்கள் ஒவ்வொன்றாக இடம் தேடுகின்றன. வலது கை காத்திருக்கிறது. கார்டு உட்கார்ந்த பிறகு பாட்டு மறுபடி நகர்கிறது. அந்தப் பிள்ளைக்கு இடையில் ஒன்றும் நடந்ததாகவே தெரியாது. ஏனென்றால் அறை காத்திருந்தது, சுவர் காத்திருந்தது, பாட்டும் காத்திருந்தது. நாளடைவில் என்ன ஆகிறது தெரியுமா? அந்தத் தயக்கம் பாட்டின் ஓர் அங்கமாகவே காதில் படிந்துவிடுகிறது. பிள்ளை அந்த இடைவெளியையும் சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுகிறது!

அதே பிள்ளையை ஒரு டிரம்ஸ்காரரின் பக்கத்தில் உட்கார வையுங்கள். எஃப் வரும். விரல் தயங்கும். ஆனால் டிரம்ஸ் தயங்காது. பாடுகிறவர் தயங்கமாட்டார். பாட்டு அந்த இடத்தைக் கடந்து போய்விடும். இப்போது அந்தப் பிள்ளைக்கு முன்னால் இருப்பது ஒரே ஒரு வழிதான். கார்டை விட்டுவிட வேண்டும், காலத்தை விடக்கூடாது. இடது கை இன்னும் தயாராகவில்லையா? தந்தியின் மேல் விரல்களை லேசாக வைத்து ஒலியை அமுக்கிவிடு. வலது கை மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கட்டும். ‘சிக், சிக்’ என்ற அந்தச் சத்தம் போதும். அடுத்த பாரில் கார்டு வரும்போது சேர்ந்துகொள்ளலாம். தப்பான சுரம் ஒரு கணத்தில் மறைந்துவிடும். தப்பான காலம் பாட்டு முழுவதையும் சாய்த்துவிடும். இதை எந்தப் புத்தகமும் ஒரு பிள்ளைக்குப் புரியவைத்து நான் பார்த்ததில்லை. ஒரே மாலை நேரம் மற்றவர்களோடு வாசித்துவிட்டு எழுந்திருக்கும் பிள்ளைக்கு இது புரிந்திருக்கும்.

நம் ஊர்களில் ஒரே உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாறி மாறி உலக்கை போட்டு நெல் குத்துவார்கள். மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒருத்தியின் உலக்கை ஏறும்போது மற்றவளின் உலக்கை இறங்கும். யாரும் எண்ணிக்கை சொல்வதில்லை. ஒருத்தி களைத்து மெல்ல இறங்கினால் மற்றவளும் அதற்குத் தக்கபடி இறங்குவாள். அவர்களுக்கு அந்தக் காலக்கணக்கைத் தந்தது எது? எதிரே நிற்கிறவளின் உலக்கைதான். தவறினால் உலக்கையோடு உலக்கை மோதும், கை போகும். ஒருவரை ஒருவர் நம்பி, ஒருவருக்கு ஒருவர் பொறுப்பாக நின்று செய்யும் வேலை அது. இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பதும் அதே வேலைதான்.

இங்கே ஆசிரியர்கள் சிலர் மனத்துக்குள் ஒரு கேள்வி கேட்பது எனக்குத் தெரிகிறது. அப்படியானால் மெட்ரோனோம் எதற்கு? நல்ல கேள்வி. ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த விங்கெல் என்பவர் 1814-இல், சீராகத் தட்டி வேகத்தைக் காட்டும் அந்த ஊசல் கருவியை உருவாக்கினார். மறு ஆண்டே மெல்ட்ஸெல் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றுப் பேரும் புகழும் அடைந்தார். பேத்தோவன் 1817-இல் தம் சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம் எண்களை வெளியிட்டார். இருநூறு ஆண்டுகளாக அது இசை மாணவர்களுக்கு உதவிவருகிறது. இன்று கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். நாம் எங்கே ஓடுகிறோம், எங்கே இழுக்கிறோம் என்று பாரபட்சமில்லாமல் காட்டிக்கொடுக்க அதைவிட நல்ல கருவி இல்லை.

ஆனால் மெட்ரோனோம் நம்மைக் கேட்குமா? கேட்காது. நாம் தடுமாறினால் அதற்குத் தெரியாது. நாம் உணர்ச்சிவசப்பட்டுச் சரணத்தில் வேகம் கூட்டினால் அது நம் முகத்தைத் திரும்பிப் பார்க்காது. மெட்ரோனோமோடு வாசிப்பவர் ஒரு பக்கமாக மட்டுமே கேட்கப் பழகுகிறார். மனிதரோடு வாசிப்பவரோ, கேட்டுக்கொண்டே கேட்கப்படவும் பழகுகிறார்.

ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் சின்னக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2009-இல் அது வெளியானது. இரண்டரை வயது, மூன்றரை வயது, நாலரை வயதுக் குழந்தைகள். அவர்களிடம் ஒரு பறையைக் கொடுத்துச் சேர்ந்து தட்டச் சொன்னார்கள். ஒருமுறை எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டினார். ஒருமுறை ஓர் இயந்திரம் தட்டியது. ஒருமுறை ஒலிபெருக்கியில் சத்தம் மட்டும் வந்தது. எப்போது குழந்தைகள் சரியாகச் சேர்ந்து தட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? மனிதரோடுதான்! இரண்டரை வயதுக் குழந்தைகூட, எதிரே ஆள் இருக்கும்போது தன் இயல்பான வேகத்தை விட்டு அவருடைய வேகத்துக்கு வந்தது. பெற்றோர்களே, யோசித்துப் பாருங்கள். பேச்சே இன்னும் திருந்தாத வயது அது. அந்த வயதிலேயே இன்னொரு மனிதரோடு காலம் சேர வேண்டும் என்ற ஆசை நமக்குள் இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பத்து வயதில் ஓர் அறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, பரீட்சைக்குரிய மூன்று பாட்டை மட்டும் தனியாக வாசி என்கிறோமே, இது நியாயமா?

இப்போது உங்களை அமெரிக்காவுக்கு அழைத்துப்போகப் போகிறேன். ஃப்ரெடி கிரீன் என்று ஒரு மனிதர். உங்களில் பலர் அந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டீர்கள். உலகின் தலைசிறந்த கிட்டார் கலைஞர்கள் என்று போடப்படும் பட்டியல்களில் அவர் பெயர் முன்வரிசையில் வருவதில்லை. எனக்கோ, இந்தப் பொருளைப் பற்றி நினைத்தாலே முதலில் அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

தெற்குக் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரத்தில் 1911-இல் பிறந்தவர். நியூயார்க்கில் ஒரு சிறிய கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தவரை ஜான் ஹேமண்ட் என்ற இசைத் தயாரிப்பாளர் கேட்டார். கவுண்ட் பேசியின் பெரிய ஜாஸ் குழு அப்போது கன்சாஸ் சிட்டியிலிருந்து நியூயார்க்குக்கு வந்திருந்தது. 1937-இல் ஃப்ரெடி கிரீன் அந்தக் குழுவில் சேர்ந்தார். 1987-இல் இறக்கும்வரை அந்தக் குழுவின் கிட்டார் அவர்தான். ஐம்பது ஆண்டுகள்! குழுத்தலைவர் பேசி 1984-இல் காலமானார். அதற்குப் பிறகும் கிரீன் தம் நாற்காலியை விடவில்லை. இடையில் 1950 வாக்கில் பேசி பெரிய குழுவைக் கலைத்துவிட்டுச் சிறிய குழுவாகச் சுருக்கிக்கொண்டபோது, அதில் கிரீனுக்கு இடம் இல்லை. யாரும் அழைக்காமலே அவர் கிட்டாரோடு வந்து மேடையில் உட்கார்ந்துவிட்டார் என்று சொல்வார்கள்.

அந்த ஐம்பது ஆண்டுகளில் அவர் என்ன வாசித்தார்? ஒரு பாருக்கு நான்கு அடி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வோர் அடிக்கும் ஒரு கீற்று. அவ்வளவுதான். லீட் வாசிக்கவில்லை. ஒலிப்பதிவுகளில் அவர் தனியாக வாசித்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெருக்கி கிடையாது, மரத்தால் ஆன கிட்டார், மின்சாரம் இல்லாத கிட்டார். பலர் டிரம்பெட்டும் டிராம்போனும் சாக்ஸஃபோனும் முழக்கும் குழுவில், ஒலிவாங்கிகூடச் சரியாக எட்டாத ஒரு கிட்டார். அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு அந்தக் கிட்டார் தனியாகக் காதில் விழுந்திருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் அவர் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது மேடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

அவருடைய சக கலைஞர்கள் பின்னாளில் சொன்ன ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் கிரீனுக்கு மின்சாரக் கிட்டாரின் மேல் ஆசை வந்ததாம். பெருக்கியை வைத்துக்கொண்டு அவ்வப்போது லீட் வாசிக்கத் தொடங்கினாராம். அவர் லீட் வாசிக்கும்போதெல்லாம் குழுவின் அடித்தளமே ஆட்டம் கண்டது. குழுவினர் என்ன செய்தார்கள்? ஒருவர் பெருக்கியின் கம்பியைக் கழற்றிவிட்டார்; இன்னொருவர் வேறு ஏதோ செய்தார். கடைசியில் கிரீன் பெருக்கியை விட்டுவிட்டுப் பழைய நான்கு அடிக்கே திரும்பினார். கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருக்கிறது என்பது இருக்கட்டும். உடன் வாசிக்கிறவர்கள் அவரிடம் கேட்டது அந்த நான்கு அடியைத்தான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அந்த நான்கு அடி எப்படி வந்தது? பியானோவில் பேசி, பாஸில் வால்டர் பேஜ், டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ், கிட்டாரில் கிரீன். இந்த நால்வரின் ரிதம் செக்ஷனை அமெரிக்க ஜாஸ் வரலாறு இன்றும் கொண்டாடுகிறது. பேஜின் பாஸ் நான்கு அடிக்கும் நடந்துபோகும். ஜோன்ஸ் காலத்தைப் பெரிய முரசிலிருந்து எடுத்து ஹை-ஹேட் தட்டுகளுக்குக் கொண்டுவந்தார். அதனால் ஒலி இலேசானது, காற்றோட்டம் வந்தது. நடுவில் கிரீன். பாஸின் தாழ்ந்த ஒலிக்கும் தட்டுகளின் உயர்ந்த ஒலிக்கும் இடையில் அவருடைய கீற்று போய் உட்காரும். அவர் கார்டு முழுவதையும்கூட ஒலிக்கவிடுவதில்லை. பல நேரங்களில் நடுத் தந்திகளில் ஒன்றிரண்டு சுரங்கள்தான் துலக்கமாகக் கேட்கும். மற்ற தந்திகளை விரலால் அமுக்கிவிடுவார். மற்றவர்களுக்கு இடம் விட்டுக் கொடுக்கும் வாசிப்பு அது. இவர்கள் மூவரும் காலத்தைத் தாங்கிப் பிடித்ததால்தான் பேசி பியானோவில் இரண்டே இரண்டு சுரத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்ள முடிந்தது. அந்த மௌனத்தின் விலையைக் கொடுத்தவர் கிரீன்.

இது தனி அறையில் பழகி வருமா? பழகி வந்திருந்தால் அது வேறு ஏதோ ஒன்றாக இருந்திருக்கும். பேஜின் பாஸ் எவ்வளவு நீளம் நிற்கிறது, ஜோன்ஸின் தட்டு எப்போது மூடுகிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் தன் கீற்று எவ்வளவு குறுகியதாக இருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் அறிய முடியும். தாளம் காதில் பிறந்து கைக்கு இறங்குகிறது, பிள்ளைகளே. கையில் தேடிக் களைத்துப்போகாதீர்கள்.

டிரம்ஸே இல்லாவிட்டால்? அதற்கும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பாரிஸ் நகரத்தில் 1934-இல் ஹாட் கிளப் ஐவர் குழு உருவானது. நாடோடி ரோமா இனத்தைச் சேர்ந்த ஜாங்கோ ரைன்ஹார்ட் கிட்டார். ஸ்டெஃபான் கிராப்பெல்லி வயலின். ஜாங்கோவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1928-இல் அவர் வசித்த வண்டியில் தீப்பிடித்து, இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்தன; மீதி விரல்களை வைத்துக்கொண்டே உலகை வியக்கவைத்தார். அவரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், பேசட்டும். நான் பேச விரும்புவது அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இருவரைப் பற்றி. ஒருவர் அவருடைய தம்பி ஜோசஃப். இன்னொருவர் ரோஜே ஷாப்பு. இருவரும் ரிதம் கிட்டார். லூயி வோலா பாஸ். அந்தக் குழுவில் டிரம்ஸ் கிடையாது. காலம் முழுவதையும் சுமந்தவை அந்த இரண்டு கிட்டார்களும் ஒரு பாஸும்தான்.

அந்த வாசிப்புக்கு ‘லா பாம்ப்’ என்று பெயர். முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும் தாழ்ந்த தந்திகளில் ஒரு தொடுகை. இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் எல்லாத் தந்திகளிலும் சட்டென்று வெட்டி நிறுத்தும் கீற்று. கேட்க எளிது. ஐந்து நிமிடம் அந்த வேகத்தில் மாறாமல் வாசித்துப் பாருங்கள், தெரியும். ஜாங்கோ பிறந்த ரோமா பிரிவான மனூஷ் குடும்பங்களில் இன்றும் பிள்ளைகள் இப்படித்தான் கிட்டாருக்குள் நுழைகிறார்கள். சித்தப்பாவோ மாமாவோ லீட் வாசிப்பார். பையன் பக்கத்தில் உட்கார்ந்து லா பாம்ப் போடுவான். இசைக்குறிப்பு இல்லை, பாடப்புத்தகம் இல்லை. பல காலம் அப்படி வாசித்த பிறகுதான் லீட் அவன் கைக்கு வரும். அதற்குள் அவன் எத்தனை பெரியவர்களின் மூச்சைக் கேட்டிருப்பான்! நாம் வரிசையையே தலைகீழாக வைத்திருக்கிறோம். முதல் மாதத்திலேயே லீட் கற்றுக்கொடுக்கச் சொல்கிறோம். ரிதம் வாசிக்கச் சொன்னால் பிள்ளையைப் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டதாக வருத்தப்படுகிறோம். அந்த வருத்தம் வேண்டாம் என்று பெற்றோர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

வெளிநாட்டுக் கதை போதும் என்கிறீர்களா? நம் சென்னைக்கே வருகிறேன்.

இன்று சினிமாப் பாட்டு எப்படிப் பதிவாகிறது? ஒருவர் இன்று வந்து கிட்டார் வாசிப்பார். இன்னொருவர் அடுத்த வாரம் வேறொரு ஊரில் புல்லாங்குழல் வாசிப்பார். இருவர் காதிலும் மெட்ரோனோமின் கிளிக் ஓடும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள். அதிலும் அருமையான பாட்டுகள் வருகின்றன, குறை சொல்லவில்லை. ஆனால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகரும் வயலின்காரர்களும் தபேலாவும் டிரம்ஸும் கிட்டாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். யாராவது ஒருவர் கால் அடி தவறினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருடைய தாளமும் மற்ற எல்லாருடைய பொறுப்பாக இருந்தது.

இளையராஜா அவர்களின் குழுவில் கிட்டார் வாசித்த சந்திரசேகர் அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாட்டில் வரும் கிட்டார் அவருடையது. தமிழ்நாட்டில் கிட்டாரைத் தொட்ட எந்தப் பிள்ளையும் அதை வாசிக்க முயலாமல் விட்டதில்லை. அதே குழுவின் டிரம்ஸ் கலைஞர் புருஷோத்தமனும் அவரும் உடன்பிறந்தவர்கள். கிட்டாரும் டிரம்ஸும் ஒரே வீட்டில் வளர்ந்திருக்கின்றன! இன்று இணையத்தைப் பார்த்து அந்தப் பாட்டின் விரல் அமைப்பை இரண்டு நாளில் கற்றுக்கொண்டுவிடுகிறோம். சுரம் ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறது. ஆனாலும் மூலத்தைக் கேட்டால் அதில் இருக்கும் நிதானம் நம் வாசிப்பில் இல்லை. ஏன்? அந்த விரல்களைச் சுற்றி ஒரு குழுவே உட்கார்ந்திருந்தது. நம் விரல்களைச் சுற்றி யாரும் இல்லை.

நம் மாதா கோயில்களையும் இங்கே நன்றியோடு நினைக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிட்டார்காரர்களில் எத்தனையோ பேர் முதலில் சேர்ந்து வாசித்த இடம் ஞாயிற்றுக்கிழமைப் பாடற்குழுதான். அங்கே பாடுகிறவர்கள் எல்லாரும் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். பாட்டி ஒருவர் மெல்ல இழுப்பார், இளைஞர்கள் முந்துவார்கள், அவர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு கிட்டார் நகர வேண்டும். அப்படிப்பட்ட கூட்டத்தைப் பல வாரம் தாங்கிய கை எந்த மேடையிலும் நடுங்காது.

கர்நாடக இசையில் இது புதிய செய்தியே இல்லை. சீடன் குருவின் பின்னால் உட்கார்ந்து தாளம் போட்டுத்தான் காலப்பிரமாணத்தைப் பழகுகிறான். இந்த வழியைத் தேடி ஒரு மேல்நாட்டுக் கிட்டார் கலைஞர் வந்தார். ஜான் மெக்லாக்லின். மின்சாரக் கிட்டாரில் அசுர வேகம் காட்டி உலகப் புகழ் பெற்ற பிறகு, அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதன் அவர்களிடம் வீணை பயின்றார். எல். சங்கர், ஜாகிர் ஹுசைன், கடம் விநாயக்ராம் ஆகியோருடன் சேர்ந்து ‘சக்தி’ குழுவை அமைத்தார். 1975-இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரி மேடையில் பதிவானது. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கடத்துக்கும் தபேலாவுக்கும் நடுவில் கிட்டார்! மெக்லாக்லின் தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோலைப் பழகினார். பிற்காலத்தில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோலைக் கற்பிக்கும் ஒரு காணொளிப் பாடத்தையே வெளியிட்டார். சக்தியின் ‘திஸ் மொமென்ட்’ தொகுப்புக்கு 2024-இல் கிராமி விருது கிடைத்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதிலும் அவர் பக்கத்தில் தாளக்காரர்களை வைத்துக்கொண்டுதான் வாசித்தார். தகதிமி, தகஜுணு என்று வாயால் சொல்லத் தெரிந்தவன் விரலை அவசரப்படுத்த மாட்டான். நம் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் செல்வம் இது. கிட்டார் மாணவர்களே, பக்கத்துத் தெருவில் மிருதங்கம் கற்கும் நண்பனைத் தேடிப் போங்கள்.

‘சேர்ந்து வாசித்தால் யார் பின்னால் யார் போவது?’ என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். அருமையான கேள்வி. டென்மார்க்கில் ஆர்ஹஸ் நகர ஆய்வாளர்கள் 2010-இல் இதற்கு ஒரு விடை தந்தார்கள். இருவரை உட்காரவைத்து, ஒருவர் தட்டும் ஒலி மற்றவருக்குக் கேட்கும்படி செய்து, ஒரே சீராகத் தட்டச் சொன்னார்கள். ஒருவர் தலைவராகவும் மற்றவர் தொண்டராகவும் மாறிவிடுவார் என்றுதானே எதிர்பார்ப்போம்? அப்படி ஆகவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் இருவருமே மற்றவரின் முந்தைய தட்டைக் கேட்டுத் தம் அடுத்த தட்டைத் திருத்திக்கொண்டே போனார்கள். இருவருமே பின்தொடர்ந்தார்கள், அதனால்தான் காலம் நின்றது. ஃப்ரெடி கிரீன் பேஜின் பின்னால் போனாரா, பேஜ் கிரீனின் பின்னால் போனாரா என்று கேட்டால் இதே விடைதான்.

உட்காரும் இடமும் முக்கியம். ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் போகிறது. டிரம்ஸ் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் அதன் அடி உங்கள் காதுக்கு ஏறக்குறைய 30 மில்லிசெகண்ட் தாமதமாக வந்து சேரும். சின்னத் தொகைதான், ஆனால் நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓர் அடியின் கால் பங்கே 125 மில்லிசெகண்ட்தான். அந்தக் கணக்கில் 30 என்பது காதுக்கு நன்றாகவே உறுத்தும். வீடியோ அழைப்பில் சேர்ந்து வாசிக்க முயன்று நொந்துபோனவர்களுக்கு இது புரியும்; அங்கே தாமதம் இதைவிடப் பல மடங்கு. ஆகவே மேடையில் அழகுக்காக விலகி நிற்காதீர்கள். டிரம்ஸ்காரரின் காலும் பாஸ்காரரின் விரலும் கண்ணில் படும் இடத்தில் போய் உட்காருங்கள்.

தொடங்கும்போது பெரிய குழு வேண்டாம். ஒருவர் போதும். இரண்டே கார்டு உள்ள பாட்டு போதும். பாடுகிறவர் எந்த வேகத்தில் பாட விரும்புகிறார் என்று முதலில் வாய்விட்டுப் பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வேகத்தில் ஒன், டூ, த்ரீ, ஃபோர் சொல்லித் தொடங்குங்கள். பாட்டு ஓடும்போது யார் தவறினாலும் நிறுத்தாதீர்கள். கைப்பேசியில் பதிவுசெய்து பிறகு சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். பல்லவியைவிடச் சரணம் வேகமாகப் போயிருக்கும். சத்தம் கூடிய இடத்தில் டெம்போ ஏறியிருக்கும். மெல்ல வாசித்த இடத்தில் இழுத்திருக்கும். யார் மேலும் பழி போடாமல் மறுபடி வாசியுங்கள். உங்களைவிடத் தாளம் வலுவாக இருக்கும் ஒருவரோடு வாசிக்க வாய்ப்புக் கிடைத்தால் ஓடிப்போய் உட்காருங்கள். உங்களைவிடத் தாளம் குறைந்தவர் வந்தால் அவரையும் ஒதுக்காதீர்கள். அவரைத் தாங்கிப் பிடிக்கும்போதுதான் உங்கள் காலம் உறுதிப்படும்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பு நேரத்தில் பாதியை மாணவர்கள் சேர்ந்து வாசிப்பதற்குக் கொடுங்கள். ஒரு பிள்ளை லீட் வாசிக்கட்டும், ஒரு பிள்ளை ரிதம் வாசிக்கட்டும், ஒரு பிள்ளை கைதட்டட்டும்; பாட்டு முடிந்ததும் இடம் மாறட்டும். பரீட்சைக்கான பாடத்தையும் நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சான்றிதழ் வாங்கிய பிள்ளை ஒரு நண்பனின் பாட்டுக்குத் துணையாக வாசிக்க முடியாமல் விழிக்கக்கூடாது. விழா நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: அடுத்த ஆண்டு விழாவில் தனி வாசிப்புக்குக் கொடுக்கும் நேரத்துக்குச் சமமான நேரத்தைக் கூட்டு வாசிப்புக்கும் ஒதுக்குங்கள். சிறந்த லீட் வாசிப்புக்குக் கோப்பை தருகிறீர்கள் அல்லவா? நன்றாக ரிதம் வாசிக்கும் பிள்ளைக்கும் ஒரு கோப்பை கொடுங்கள்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. இந்த அரங்கிலேயே உங்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும் கிட்டார் பையோடு இருக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பலருடைய பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. கூட்டம் முடிந்து வெளியே போவதற்குள் ஒருவரிடம் பெயரைக் கேளுங்கள், எந்தத் தெரு என்று கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வரலாம் என்று கேளுங்கள்.